தேங்காய் எண்ணெயும் வெளிநாட்டு டியூபும்: சைக்கிளுக்கு எந்த கிரீஸ்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு எந்த கிரீஸ் நல்லது என்ற கேள்விக்குப் பதில் ஒரே வரிதான். மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கிற சாதாரண லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மை எண் 2 அல்லது 3. அவ்வளவுதான். பதில் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

ஆனால் இந்த ஒரு வரியை யாரும் நம்பமாட்டேன் என்கிறார்களே, அதுதான் என் ஆத்திரம். நான்கு தமிழ்க் குடும்பம் சேர்கிற இடத்தில் பிள்ளைகளின் சைக்கிள் பேச்சு வந்தால் போதும், இரண்டு கட்சி உடனே கிளம்பிவிடும். ஒரு கட்சி, "கிரீஸாவது ஒண்ணாவது, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டா ஓடும்" என்கிறது. இன்னொரு கட்சி இணையத்தில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, சுண்டுவிரல் நீள டியூபுக்கு இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆர்டர் போடுகிறது. இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேருமே சக்கரத்தைக் கழற்றித் திறந்து பார்ப்பதில்லை.

டெல்லியோ, புனேயோ, ஹைதராபாதோ, ஏதாவது ஒரு அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். தூணோடு தூணாகச் சங்கிலி போட்டுக் கட்டிய சைக்கிள்கள் வரிசையாகத் தூசி குடித்துக்கொண்டு நிற்கும். அவற்றில் எத்தனை உடைந்தவை? முக்கால்வாசிக்கு ஃப்ரேம் நன்றாக இருக்கும், ரிம் நேராக இருக்கும். வறண்டு போனவை, அவ்வளவுதான். மிதித்தால் கனக்கிறது, ஹேண்டில் இழுக்கிறது, எங்கேயோ கரகரவென்று சத்தம். பிள்ளை ஒரு வாரம் சொல்லிப் பார்த்தது, பிறகு ஓட்டுவதையே விட்டுவிட்டது. "பையனுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சைக்கிளில் கிரீஸ் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மொழி தெரியாத ஊரில் நம் பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் சுதந்திரம் சைக்கிள்தான். ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேரம் பேசத் தெரியாத பன்னிரண்டு வயசுப் பெண், அப்பா ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திராமல் டியூஷனுக்குப் போய்வருவது அந்த இரண்டு சக்கரத்தால்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான். "எதுக்கு இதப்போய் லாரில ஏத்திக்கிட்டு, அங்க போய்ப் புதுசு வாங்கிக்கலாம்." வாங்குகிறோம். அதுவும் இரண்டு வருஷத்தில் வறள்கிறது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியதை ஒரு கரண்டி கிரீஸுக்குக் கணக்குப் பார்த்துக் கொல்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிரீஸ் என்றால் கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் ஊறிய பஞ்சு என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். டப்பாவில் பெரும்பகுதி எண்ணெய்தான். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு வேலையைச் செய்வது ஒரு சோப்பு. நிஜமாகவே சோப்புதான் ஐயா. கொழுப்பு அமிலத்தோடு சோடியம் சேர்ந்தால் குளிக்கிற சோப்பு, லித்தியம் சேர்ந்தால் கிரீஸுக்கான சோப்பு. பால்ரஸ் உருளும்போது இந்தப் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைக் கசியவிடும். சும்மா நிற்கும்போது பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் எண்ணெய்க்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்று விட்டால் நாளை தரையில் கறையாக நிற்கும்.

முன்பெல்லாம் கால்சியம் சோப்பு கிரீஸும் சோடியம் சோப்பு கிரீஸும்தான் அதிகம். கால்சியம் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடியம் சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரையும். இரண்டையும் ஒருசேரத் தாங்குகிற லித்தியம் கிரீஸுக்கு அமெரிக்காவின் கிளாரன்ஸ் எர்ல் 1942-ல் காப்புரிமை பெற்றார். கார் சக்கரத்திலிருந்து மோட்டார் பம்ப் வரை இன்றைக்கும் அதிகம் புழங்குவது இந்தக் குடும்பம்தான். எண்பது வருஷத்துக்கு மேலாக உலகம் தேய்த்துப் பார்த்துத் தேறிய சரக்கு. இதை நம்பாமல் வேறெதை நம்புவது?

கெட்டித்தன்மை எண் என்கிறேனே, அது டப்பாவின் மேல் 'என்எல்ஜிஐ' என்று போட்டிருக்கும். 000-விலிருந்து 6 வரை போகும். 25 டிகிரி சூட்டில் ஒரு கூம்பை கிரீஸில் விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 26.5-லிருந்து 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் 2. 22-லிருந்து 25 மில்லிமீட்டர் வரை என்றால் 3. சமையலறை பாஷையில் சொன்னால் 2 என்பது மைய அரைத்த கெட்டி வேர்க்கடலைச் சட்னி, 3 என்பது டால்டா. சைக்கிளுக்கு 2 மிகப் பொருத்தம். நம் நாட்டுக் கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிற 'ஏபி3' என்பது 3. அதையும் தாராளமாகப் போடலாம். மலைக்குளிரில் ஓட்டுபவர்கள் மட்டும் 2-ஐத் தேடி வாங்கவும்.

இப்போது முதல் கட்சிக்கு வருகிறேன், தேங்காய் எண்ணெய்க் கட்சி.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறைந்துவிடும். வடக்கே வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு இது தெரியாது? டிசம்பர் வந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கித்தானே தலைக்குத் தேய்க்கிறோம்? பாட்டிலில் கல்லாகிற எண்ணெய் பால்ரஸுக்குள் மட்டும் எப்படி ஓடும்? அதுவே மே மாதம் வந்தால் தண்ணீராக ஒழுகிவிடும். அதனால் சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாறிவிடாதீர்கள், அது இன்னும் மோசம். தோசைக்கல்லின் ஓரத்திலும் எண்ணெய்ச் சட்டியின் வெளிப்பக்கத்திலும் பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருக்குமே, அந்த வகை எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பட்டு அப்படித்தான் ஆகும். அதைத்தான் பிள்ளையின் சக்கரத்துக்குள் வளர்க்கிறோம்.

"எங்க தாத்தா முப்பது வருஷம் தேங்காய் எண்ணெய்தான் விட்டார், வண்டி ஓடலையா?" ஓடியது. ஏன் ஓடியது தெரியுமா? அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிளில் ஹப்பின் நடுவே சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், அதற்கு ஒரு ஸ்பிரிங் மூடி. எண்ணெய் விடுவதற்கென்றே வைத்த ஓட்டை அது. தாத்தா வாராவாரம் மூடியைத் தள்ளி எண்ணெய் விட்டார், ஞாயிற்றுக்கிழமை துடைத்தார். நம் பிள்ளையின் சைக்கிளில் அந்த ஓட்டையும் இல்லை, வாராவாரம் துடைக்க நமக்கு நேரமும் இல்லை. தாத்தாவின் ஒழுக்கத்தை விட்டுவிட்டு அவருடைய எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி சாமி?

வாசலின் தடவுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்குப் பாவமில்லை. ஆனால் வட இந்திய வெயிலில் நிறுத்திய சைக்கிளில் அது இளகிக் கசிந்துவிடும். பால்ரஸ் தேயாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க கிரீஸில் சேர்க்கும் மருந்துகள் எதுவும் அதில் கிடையாது. உதட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே ஸ்பிரே கட்சி என்று ஒன்று முளைத்திருக்கிறது. நீலமும் மஞ்சளுமாக ஒரு டப்பா, சிவப்பாக ஒரு குழல், புஸ் புஸ் என்று எல்லா இடத்திலும் அடிக்க வேண்டியது. அதன் பெயரைப் படித்தாலே விஷயம் விளங்கும். டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது தண்ணீரை விலக்குவது. நாற்பதாவது முயற்சியில் சரியான கலவை கிடைத்ததால் 40. 1953-ல் சான் டியாகோவில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி கண்டுபிடித்தது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காப்பதற்கு அது பயன்பட்டது. இறுகிப்போன நட்டைக் கழற்ற, ஈரத்தை விரட்ட, பழைய அழுக்கைக் கரைக்க அருமையான சரக்கு. ஆனால் பால்ரஸ் இருக்கும் இடத்தில் அடித்தால் என்ன ஆகும்? உள்ளே மிச்சமிருக்கிற கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டு நாள் சக்கரம் ஜோராகச் சுற்றும், மூன்றாம் வாரம் கரகர. அந்தக் கம்பெனியே கிரீஸையும் செயின் எண்ணெயையும் தனித்தனி டப்பாவில் விற்கிறது. தப்பு டப்பாவின் மேல் இல்லை, அடிக்கிற கையின் மேல்.

இனி வெளிநாட்டு டியூப் கட்சி. இவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, படித்துத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்களே! ஆனால் கணக்குப் போடுவதில்லை. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பிள்ளையின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று சுற்றுகிறது. உங்கள் தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 300 சுற்றைத் தாண்டும். சைக்கிள் ஹப் கையைச் சுடுகிற அளவுக்குச் சூடானதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சூடும் இல்லை, வேகமும் இல்லை, பாரமும் ஒரு ஆள் பாரம். ஸ்கூட்டரையும் காரையும் தாங்குகிற குடும்பத்துக் கிரீஸ் இதைத் தாங்காதா? டியூபில் இருப்பது நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. மழையில் பந்தயம் ஓட்டுபவருக்கு அதனால் லாபமும் உண்டு. டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அதே எடை சாதாரண கிரீஸைப் போலப் பல மடங்கு விலை கொடுப்பது, சாம்பாருக்குக் குங்குமப்பூ போடுகிற கதை.

கடையில் நடக்கும் இன்னொரு வேடிக்கை, நிறம். "சிவப்புதான் ஒரிஜினல்", "நீலம்தான் ஹெவி ட்யூட்டி" என்பார்கள். சிவப்பும் நீலமும் பச்சையும் சாயம்தான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள், அதில் கிராஃபைட் கலந்திருக்கலாம். அது திறந்த பெரிய பல்சக்கரங்களுக்கு ஆனது. நமக்கு வேண்டாம். அலுமினியப் பாகங்கள் உள்ள சைக்கிளில் ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பைக் கூட்டவும் செய்யும். மும்பை, விசாகப்பட்டினம் மாதிரி மழையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் இருப்பவர்கள், தண்ணீரை நன்றாகத் தாங்கும் கால்சியம் வகை அல்லது படகுகளுக்கான மெரீன் கிரீஸ் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்கவில்லையா, லித்தியமே போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

ஆக, எந்த கிரீஸ் என்பது ஐந்து நிமிஷத்தில் தீர்கிற கேள்வி. எந்த இடத்தில் கிரீஸ், எந்த இடத்தில் எண்ணெய், எந்த இடத்தில் எதுவுமே கூடாது என்பதுதான் உயிரான கேள்வி. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

கிரீஸ் போட வேண்டிய இடங்கள்: முன்சக்கர ஹப், பின்சக்கர ஹப், பெடல் கட்டைகள் சேரும் நடு அச்சு (கடைக்காரர் பிபி என்பார்), ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேரும் கழுத்து. பால்ரஸ் முழுக்க மூடும்படி தாராளமாக வைக்கலாம், மிஞ்சினால் பிதுங்கி வெளியே வரும், துடைத்துக்கொள்ளலாம். இவை தவிரப் பெடலின் மரையிலும் சீட் கம்பியிலும் லேசாகத் தடவ வேண்டும். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் கம்பி சும்மா இருந்தால் சில வருஷத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வளர்ந்துவிடும், சீட் உயராது! நல்ல சைக்கிளை விலைக்குப் போடுவதற்கு இது ஒரு காரணம். (இடது பெடலுக்கு மரை தலைகீழ், பலம் காட்டி உடைக்காதீர்கள்.) கார்பன் ஃப்ரேமோ கார்பன் சீட் கம்பியோ வைத்திருப்பவர்கள் மட்டும் கிரீஸ் தடவக் கூடாது, வழுக்கி இறங்கும். அதற்கென்று மணல் கலந்தது போன்ற பசை தனியாக உண்டு.

எண்ணெய் விட வேண்டிய இடங்கள்: செயின், ஃப்ரீவீல். செயினில் கிரீஸ் பூசுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. செயினுக்கு உயவு வேண்டியது வெளியே இல்லை, ஒவ்வொரு உருளைக்கும் உள்ளே இருக்கும் ஊசியில். மேலே பூசிய கெட்டி கிரீஸ் அங்கே இறங்காது. ரோட்டுப் புழுதியைப் பிடித்துக்கொண்டு சாணைக் கல் மாதிரி பல்லை அரைக்கும். உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம் ஊறவிட்டு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ரொம்ப மெலிசு, அடிக்கடி விட வேண்டிவரும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெய்க்கு நான் தடை சொல்லமாட்டேன், அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் 'வேகம் கூடும்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, செயின் 98.6 சதவீதம் வரை சக்தியைக் கடத்தியது. ஆய்வுக்கூடத்தின் சுத்தமான செயினில் எண்ணெய் அந்த எண்ணைப் பெரிதாக மாற்றவில்லை. எண்ணெயின் வேலை தேய்மானத்தையும் துருவையும் தடுப்பது.

ஃப்ரீவீல் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், உள்ளே கெட்டி கிரீஸ் திணிக்க விடாதீர்கள். டிக் டிக் என்று சத்தம் போடுகிற சின்னப் பற்கள் உள்ளே உண்டு, மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்பவை. கெட்டி கிரீஸில், அதுவும் குளிரில், அவை ஒட்டிக்கொண்டால் பெடல் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றும். சாலையைக் கடக்கும்போது பிள்ளை எழுந்து நின்று மிதிக்கிறது, பெடல் கீழே ஓடுகிறது... மேலே எழுதக் கை வரவில்லை.

எதுவுமே படக் கூடாத இடம் பிரேக். ரிம்மின் பக்கவாட்டு, பிரேக் கட்டை, டிஸ்க் தட்டு. "பிரேக் கீச்சுனு கத்துது, கொஞ்சம் எண்ணெய் விடேன்" என்று வீட்டில் சொல்பவர்கள் உண்டு. சத்தம் நிற்கும். சைக்கிள் நிற்காது! டிஸ்கில் பட்டுவிட்டால் தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும், கட்டையை அனேகமாக மாற்றத்தான் வேண்டும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின்பக்க டிஸ்கில் தெறிப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

நம்ம ஊர் சைக்கிள் கடையில் 'ஓவராயில்' என்று ஒரு வார்த்தை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? ஓவர்ஹால் என்ற ஆங்கில வார்த்தை நம் வாயில் அப்படி ஆனது. வார்த்தையில் எண்ணெய் புகுந்துகொண்டாலும் வேலையில் எந்தக் குறையும் இருக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, எல்லாவற்றையும் கழற்றி, பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவி, கோனைப் பார்த்து, புது கிரீஸ் வைத்து, அரை நாள் கழித்துத் தருவார்கள். இன்றைக்குப் பெரிய ஷோரூம்கள் பலவற்றில் 'சர்வீஸ்' என்று கொடுப்பது என்ன? தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பாலீஷ் போட்டு, செயினில் எதையோ அடித்து, பிரேக்கை முறுக்கி, ஒரு பில். அந்தத் தண்ணீர் பீய்ச்சலில் ஹப்புக்குள் இருந்த மிச்ச கிரீஸுக்கும் சேதம். வெளியே மினுமினுப்பு, உள்ளே வறட்சி. பணம் கொடுத்துவிட்டோம் என்கிற நிம்மதிதான் நமக்கு மிச்சம்.

இதனால் நஷ்டப்படுபவர் நாம் மட்டுமில்லை. மரத்தடியில் பம்பும் ஸ்பேனருமாக உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு கோனை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது விரலில் இருக்கிறது. ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. அந்தக் கைப்பக்குவம் எந்த டியூபிலும் அடைத்து வராது. பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும் மட்டும் அவரிடம் போய்க்கொண்டிருந்தால் அந்த வித்தை அவரோடு போய்விடும்.

அவரிடம் போங்கள். வடக்கே என்றால், "பையா, ஹப் கோல்கே, புரானா கிரீஸ் சாஃப் கர்கே, நயா டாலியே" என்று சொன்னால் போதும். 'கோல்கே' என்ற வார்த்தையை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், திறந்து என்று அர்த்தம். கிரீஸ் டப்பாவை நீங்களே கொண்டுபோங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், பிள்ளையையும் நிற்க வையுங்கள். பழைய கிரீஸைச் சுத்தமாக வழித்துக் கழுவச் சொல்லுங்கள். எல்லாக் கிரீஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பாலியூரியா, களிமண் வகைக் கிரீஸ்கள் லித்தியத்தோடு கலந்தால் சில நேரம் நீர்த்துப்போகும். கழுவ டீசல் போதும், பெட்ரோல் வேண்டாம். பால்ரஸையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சில்லறைக் காசுதான். பொதுவாக முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 (3/16 அங்குலம்), பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 (கால் அங்குலம்). எண்ணி எடுத்து எண்ணிப் போட வேண்டும்.

"எங்க சைக்கிள்ல சீல் பண்ணின பேரிங், அதுக்கு எதுவும் வேண்டாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹப்பைப் பொறுத்தவரை பாதி சரி. சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றிவிடலாம். ஆனால் சீட் கம்பியும் பெடல் மரையும் உங்களுக்கும் உண்டு. கழுத்தில் திறந்த பால்ரஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்தால் அதற்குள் இந்த டப்பா கிரீஸைப் போடாதீர்கள், ரப்பர் சீலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்கு மட்டும் தயாரிப்பாளர் சொல்வதைப் போடுங்கள். பார்த்தீர்களா, தனிச் சரக்கு தேவைப்படும் இடத்தில் நானே வாங்கச் சொல்கிறேன்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு மூன்று சோதனை, மூன்று நிமிஷம். ஒன்று, முன்சக்கரத்தைத் தூக்கி ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொட என்றால் கோன் தளர்ந்திருக்கிறது. இரண்டு, தூக்கியபடியே ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். நடுவில் மட்டும் சிக்கி நின்றால் கழுத்துப் பால்ரஸ் பள்ளம் போட்டுவிட்டது. சைக்கிள் சாயாமல் போவதே ஹேண்டிலின் மிகச் சின்னச் சின்னத் திருத்தங்களால்தான், அந்த சிக்கலோடு பிள்ளையை டிராஃபிக்கில் அனுப்பாதீர்கள். மூன்று, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃப்ரேமில் காதை வையுங்கள். மணல் அரைகிற சத்தம் கேட்டால் இன்றைக்கே திறக்க வேண்டும்.

ஒரு சைக்கிளை முழுக்கத் திறந்து கிரீஸ் வைத்தாலும் 50 கிராமுக்கு மேல் போவது கஷ்டம். அரைக் கிலோ டப்பா பத்து சைக்கிளுக்கு வரும். ஒரு மாடியில் இருக்கும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு டப்பா வாங்கினால் அடுத்த மாற்றல் உத்தரவு வரும்வரை தீராது. மாற்றல் வந்தால் டப்பாவை மூடி, சைக்கிளோடு சேர்த்து லாரியில் ஏற்றுங்கள். அடுத்த ஊரில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் புதுசு, பாஷை புதுசு, சிநேகிதர்கள் புதுசு. சைக்கிளாவது பழகினதாக இருக்கட்டுமே.